மாத்திரையை விட்டேன், டாக்டரிடம் பொய் சொன்னேன். இப்போது என்ன செய்வது?

கட்டிங்_செக்சன் | ஞாயிறு இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறேன். வயது 34. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண் (எனக்குப் பெருங்குடல் முழுக்க), என்று கண்டுபிடித்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு வருடம் மூலம் என்றே நினைத்து, சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும் ஆட்களில் பாதிப் பேரைப் பார்த்து முடித்தேன். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: சூடு. இளநீர் குடி, வெந்தயம் முழுங்கு.

கடைசியில் கொலோனோஸ்கோபி, அதாவது குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்து, மெசலமின் 1.2 கிராம் மாத்திரை காலையில் இரண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ரத்தம் நின்றது. ஆறு மாதத்தில் பிரியாணி சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது.

அப்புறம்தான் விட்டேன். ஒரே நாளில் விட்டேன் என்று சொல்ல முடியாது. முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு மாமியார் ஊருக்குப் போன நான்கு நாள். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. இன்னொரு நாள் காலையில் கழிப்பறையில் பார்த்தால் மாத்திரையின் மேல் ஓடு அப்படியே கிடக்கிறது. உள்ளே போனது கரையாமலே வெளியே வருகிறதென்றால் எதற்கு இந்தத் தண்டம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அந்தப் பெரிய மாத்திரையைக் கையில் எடுக்கும் நிமிடம் மட்டும்தான் நான் நோயாளி. மற்ற நேரம் நானும் எல்லோரையும் போலத்தான் இருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் வேண்டாம் என்று நினைத்துவிட்டேன்.

மனைவி மாதாமாதம் கடையில் வாங்கி வந்துகொண்டிருந்தாள். நான் அதை எடுத்து பீரோ மேலிருக்கும் ஷூ டப்பாவில் போட்டு வைத்தேன். நேற்று எண்ணினேன். பத்து பத்தாக 11 அட்டை. அதற்குப் பிறகு "டாக்டர் குறைச்சிட்டார்" என்று அவளிடம் ஒரு பொய். மொத்தம் நான்கு மாதம்.

சித்திரை வெயில் ஏறியதும் திரும்ப ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, ரத்தம், சளி. எங்கள் லைனில் கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும், ஷிஃப்டுக்கு இரண்டுதான். மீதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் டாக்டரைப் பார்த்தேன். வெளியே நாற்பது பேர், பக்கத்தில் மனைவி. "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றார். "போடறேன் சார்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்து, "அப்போ இது உங்களுக்குப் பத்தல" என்று சொல்லி, ஸ்டீராய்டோடு சேர்த்து அசதயோபிரின் என்று ஒரு மாத்திரை எழுதினார். முதல் மாதம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனையாம், எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமாம். ஸ்டீராய்டை ஆரம்பித்துவிட்டேன். இந்த மாத்திரையை வாங்கி வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை.

பேசாமல் இதைச் சாப்பிடுவதா? போய் உண்மையைச் சொல்வதா? சொன்னால் ஃபைலைத் தூக்கி எறிவாரோ என்று பயமாக இருக்கிறது.


மருந்துக்கடை_சத்துவாச்சாரி | ஞாயிறு இரவு 11.15

தம்பி, இருபது வருடமாக ஷட்டர் தூக்குகிறேன். உங்களைப் போல வாரத்துக்கு ஐந்து பேர் வருகிறார்கள், ஒருவரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஆனால் கடைக்காரனுக்குத் தெரியும். முதல் மாதம் முழு மருந்து. மூன்றாவது மாதம் "பாதி கொடுங்க, சம்பளம் வந்ததும் மீதி". அப்புறம் "ஒரு அட்டை போதும்". அப்புறம் ஆளே காணோம். ஆறு மாதம் கழித்து முகம் வெளுத்து வந்து நிற்பார்.

வேடிக்கை என்னவென்றால், மேற்கு வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வேலூருக்கு வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர் ஆறு மாத மருந்தைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போகிறார். ஆற்காட்டிலிருந்து அரை மணி நேரத்தில் பஸ்ஸில் வருபவர்தான் பத்து மாத்திரை வாங்குகிறார்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. மெசலமின் வாங்க வராதவர், பழைய சீட்டை நீட்டி "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை மட்டும்" என்று பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டைக் கேட்பார். அது மலிவு. நாலு நாளில் ரத்தம் நிற்கும், பசி எடுக்கும், முகம் உப்பி ஆள் தெளிந்த மாதிரி இருக்கும். அது தீயை அணைக்கிற தண்ணீர் லாரி, தினமும் வாசலில் நிறுத்திவைக்கிற வண்டி இல்லை. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுப் பட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சீட்டு பழையதாக இருந்தால் நான் கொடுப்பதில்லை. எதிர்க்கடையில் வாங்கிக்கொள்கிறார்கள், அது வேறு கதை.

இன்னொன்று. இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்கும்போது உங்களுக்குக் குடல் நோய் இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அந்த வகை வலி மாத்திரைகள் சிலருக்கு இதைக் கிளப்பிவிடும்.


தறிக்காரர்_மகள் | திங்கள் காலை 6.50

குடியாத்தம். அம்மாவுக்கு 58 வயது, இதே நோய், ஆனால் கீழ்ப் பகுதியில் மட்டும். எங்கள் வீட்டுப் பிரச்சினை மாத்திரை இல்லை, எனிமா, அதாவது ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தும் மருந்து.

இரவில் படுக்கும் முன் எனிமா வைக்கச் சொன்னார்கள். தறி ஓடும் வீடு, ஒரே அறை, அதில் அப்பா, தம்பி, நான். அம்மா ஒரு வாரம் வைத்தாள். எட்டாவது நாள் "எனக்கு நல்லாயிட்டுது" என்று பாட்டிலை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். நல்லாகவில்லை, வெட்கம். ஒவ்வொரு நாளும் அப்பாவையும் தம்பியையும் வெளியே போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டரிடம் கேட்டால் "வைக்கிறேன்" என்பாள். அண்ணா, பொய் சொன்னது நீங்கள் மட்டும் இல்லை.


ஓய்வு_ஸ்டாஃப்_பாகாயம் | திங்கள் காலை 9.30

குடல் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஓடு. மெசலமின் மாத்திரைக்கு மேல் பூச்சு இருப்பதே, வயிற்றில் கரையாமல் குடலின் கடைசிப் பகுதிக்குப் போய் மருந்தை விட வேண்டும் என்பதற்காக. மருந்து இறங்கிய பிறகு வெறும் கூடு சில சமயம் வெளியே வரும். அதைப் பார்த்து மருந்தை விட்டவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன் தெரியுமா! முழு மாத்திரையே அடிக்கடி அப்படியே வந்தால் மட்டும் சொல்லுங்கள், வேறு வகை மாற்றித் தருவார்கள். உடைத்தோ மென்றோ சாப்பிடவே கூடாது. விழுங்கக் கஷ்டமாக இருந்தால் குருணையாகப் பாக்கெட்டிலும் வருகிறது.

அடுத்தது, "ஒன்றும் ஆகவில்லை" என்பது. இந்த நோய் விட்ட மறுநாள் வந்து கேட்காது. சர்க்கரைக்காரர் மருந்தை விட்டால் ஒரு வாரத்தில் மீட்டர் காட்டிக்கொடுக்கும். நமக்கு மூன்று மாதம், ஐந்து மாதம் கழித்து வரும், அதற்குள் பழியைப் போட வெயிலும் பிரியாணியும் மாமியார் வீட்டுக் குழம்பும் கிடைத்துவிடும். 2003-ல் அமெரிக்காவில் சுனந்தா கேன் என்ற மருத்துவர் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோய் அடங்கி மெசலமின் சாப்பிட்டுவந்த 99 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். வாங்க வேண்டிய மருந்தில் எண்பது சதவீதமாவது வாங்கியவர்களுக்கு நோய் அடங்கியே இருக்கும் வாய்ப்பு 89 சதவீதம். மற்றவர்களுக்கு 39.

மூன்றாவது, உங்கள் கேள்வி. போய்ச் சொல்லுங்கள். அசதயோபிரின் நல்ல மருந்துதான், தேவைப்படுகிறவர்களுக்கு. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு வெள்ளை அணுக்கள் சரியும், அதனால்தான் அந்த ரத்தப் பரிசோதனை. மெசலமின் உங்களுக்குத் தோற்றுப்போனது என்று நினைத்து அதை எழுதியிருக்கிறார். மெசலமின் தோற்கவில்லை, நீங்கள் அதை ஆடவே விடவில்லை. இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதுவரை ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.


கூழ்ப்பானை | திங்கள் மதியம் 1.05

சிஸ்டர், 39 சதவீதம் என்றால் மருந்தை விட்டவர்களிலும் பத்தில் நாலு பேர் நன்றாகத்தானே இருந்திருக்கிறார்கள்? அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

எனக்கும் இதே நோய், ஏழு வருடம். ஆற்காடு. மாத்திரையை எப்போதோ விட்டுவிட்டேன். காலையில் பழைய சோறு, சின்ன வெங்காயம், நீராகாரம். ஆடியில் கூழ். காரமும் மைதாவும் கிடையாது. முள்ளு கத்திரிக்காய் மட்டும் விட மனசு வரவில்லை, விதையை எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறேன். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே இந்தக் குடல் நோய்க்குப் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி செய்தார்களே. பாட்டி சொன்னதை அரசாங்கமே ஒத்துக்கொண்ட பிறகு ரசாயனம் எதற்கு?


ஓய்வு_ஸ்டாஃப்_பாகாயம் | திங்கள் மதியம் 2.20

நானும் பழைய சோற்றுக்காரிதான் ஐயா, அதைக் குறை சொன்னால் என் அம்மாவே கனவில் வந்து அடிப்பாள். சோறு ஆறும்போது அதில் கொஞ்சம் மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறுகிறது. பெருங்குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கு அது தீனி. அந்த வகை மாவை ஓஆர்எஸ்ஸில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, பேதி குறைவதைக் காட்டியவர்களே நம் வேலூர் சி.எம்.சி.காரர்கள்தான். 2000-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது.

ஆனால் சாப்பாட்டை ஆராய்வது வேறு, அதை வைத்து மாத்திரையை நிறுத்துவது வேறு. மருந்தோடு பழைய சோறு சாப்பிடுங்கள் என்றால் நான் ஏன் தடுக்கப் போகிறேன்? அந்த நாலு பேரில் ஒருவராக நீங்கள் இருக்கலாம், சந்தோஷம். முன்கூட்டியே அதைச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை. ஏழு வருடம் ஆகிறது என்கிறீர்கள், கடைசியாக எப்போது குழாய் விட்டுப் பார்த்தீர்கள்? எட்டு வருடம் தாண்டினால் அறிகுறி இல்லாவிட்டாலும் புற்றுநோய்க்காக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.


கூழ்ப்பானை | திங்கள் மதியம் 2.31

கோபம் இல்லை. பார்த்து ஐந்து வருடம் ஆகிறது.


ஜங்ஷன்_பெஞ்ச் | திங்கள் இரவு 9.10

காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வரும் ஜென்மம். எனக்கு கிரோன் நோய், அதுவும் குடலைப் புண்ணாக்கும் நோய்தான். ஆரம்பத்தில் குடல் காசநோய் என்று சந்தேகப்பட்டு ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டேன். நம் நாட்டில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பலருக்கு இப்படித்தான் நடக்கிறது. அதிலும் ஒரு வேளை விடவில்லை. பிறகு அசதயோபிரின், அதிலும் விடவில்லை. போனில் அலாரம், பையில் உபரி அட்டை, ஆபீஸ் டிராயரில் இன்னொன்று.

அப்படியும் திரும்ப வந்தது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நிஜமா போட்டீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். சத்தியம் செய்யாத குறை. கட்டிங் தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நீங்கள் "போடறேன் சார்" என்று சொல்லிச் சொல்லித்தான், நான் சொல்லும் "போடறேன் சார்" செல்லாக்காசாகிப் போகிறது.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடலிமுமாப் ஊசி. 2014-ல் அகமதாபாத் கம்பெனி ஒன்று அதன் பயோசிமிலரை, அதாவது அதே போன்ற நகல் மருந்தை, உலகத்திலேயே முதலில் கொண்டுவந்தது, அதனால்தான் என் மாதிரி ஆட்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அப்படியும் செலவு ஏறத்தான் செய்கிறது. முதல்வர் காப்பீட்டில் அட்மிஷன் ஆனால் பார்க்கிறார்கள், தினசரி மாத்திரைக்கு நம் பாக்கெட்தான். பிரஷர், சுகர் மருந்தை மக்களைத் தேடி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். குடல்காரன் அந்தப் பட்டியலில் இல்லை. பாதி பேர் மருந்தை விடுவதற்கு மனசு காரணம் என்று எல்லோரும் பேசுகிறோம். பர்ஸையும் கொஞ்சம் பேசலாம்.


மருந்துக்கடை_சத்துவாச்சாரி | திங்கள் இரவு 10.00

சரியாகச் சொன்னீர்கள். பணம்தான் காரணம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சல்ஃபாசலசைன் என்று பழைய மருந்து இருக்கிறது, மெசலமினைவிடப் பல மடங்கு மலிவு, பெருங்குடல் புண்ணுக்கு இன்றும் எழுதுகிறார்கள். மாத்திரை எண்ணிக்கை கூடும், ஃபோலிக் அமிலம் சேர்த்துக் கொடுப்பார்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். "கட்டுப்படியாகல சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் சீட்டு மாறும். சொல்லாமல் பாதி பாதியாக வாங்குகிறவருக்கு எதுவும் மாறாது.


விஷாரத்துப்_பொண்ணு | செவ்வாய் இரவு 11.45

படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா என்று யோசனை. மேல்விஷாரம். கல்யாணமாகி ஒன்றரை வருடம். எனக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியும், மாமிக்குத் தெரியாது. மாத்திரையை வளையல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அறையில் யாராவது இருந்தால் அன்றைக்கு மாத்திரை இல்லை. மாதத்தில் எட்டு பத்து நாள் இப்படியே போகிறது. நான் விட வேண்டும் என்று விடவில்லை, பெட்டியைத் திறக்க முடிவதில்லை.

போன ரமலானில் விடிகாலை சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோது ஒரே தடவையாகச் சாப்பிட்டேன், அது சரியா தவறா தெரியாது. இப்போது குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார்.


ஓய்வு_ஸ்டாஃப்_பாகாயம் | புதன் காலை 7.15

நிறுத்தாதே கண்ணு. கரு தங்கும் நேரத்தில் நோய் அடங்கியிருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. நோய் கிளம்பியிருந்தால் குறைப்பிரசவமும் எடை குறைவும் வரும் ஆபத்து கூடும். மெசலமினைக் கர்ப்பத்திலும் பொதுவாகத் தொடர்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் மாதிரி சிலது மட்டும் கூடவே கூடாது, அதை முன்கூட்டியே நிறுத்துவார்கள். அதனால் உன் சீட்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் டாக்டரிடம் காட்டி, "குழந்தைக்கு முயற்சி பண்றோம்" என்று சொல். உன் வீட்டுக்காரர் சல்ஃபாசலசைன் சாப்பிடும் ஆளாக இருந்தால் கதை வேறு, அது ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும், மருந்தை மாற்றினால் சில மாதத்தில் சரியாகிவிடும்.

ரமலானில் நீ செய்தது பெரும்பாலும் சரிதான். மெசலமினை நாள் அளவு முழுவதையும் ஒரே வேளையாகப் போட்டாலும் நோயை அடக்கிவைப்பதில் குறைவில்லை என்று பார்த்திருக்கிறார்கள். எந்தப் பிராண்டுக்கு எப்படி என்று மட்டும் கேட்டுக்கொள். ரத்தம் போகும் நாளில் நோன்பு வைக்காதே, நோயாளிக்குச் சலுகை இருப்பது என்னைவிட உனக்கே தெரியும்.

மாமி விஷயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. மாத்திரையை உன் வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்து, அவர் கையால் வாங்கிச் சாப்பிட முடியுமா பார்.


தறிக்காரர்_மகள் | புதன் காலை 8.05

வளையல் பெட்டி, அரிசி டிரம், ஷூ டப்பா. ஒரு கண்காட்சியே வைக்கலாம் போல.

சிஸ்டர் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று இரவு அம்மாவிடம் பேசினேன். அப்பாவும் தம்பியும் ஒன்பதரைக்குத் தெருமுனை டீக்கடைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து வருவது என்று ஏற்பாடு. தம்பி காரணம் கேட்கவில்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அம்மா இடது பக்கம் சாய்ந்து படுத்தாள், கீழே பழைய லுங்கியை நாலாக மடித்துப் போட்டேன், பாட்டிலைக் குலுக்கி மெதுவாக அழுத்தினேன். "அவ்ளோதானா?" என்றாள். ஆறு மாதம் இதற்குத்தான் பயந்தாளா!


கட்டிங்_செக்சன் | வியாழன் இரவு 8.30

போய்ச் சொல்லிவிட்டேன்.

மனைவியிடம் முதலில். புதன் இரவு ஷூ டப்பாவை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். திட்டவில்லை. ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி எக்ஸ்பைரி தேதி பார்த்தாள். எல்லாம் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. "இதையே போடலாம், புதுசு வாங்க வேணாம்" என்றாள். அழுகை வந்தது எனக்குத்தான்.

இன்றைக்கு அரை நாள் லீவு போட்டேன். உள்ளே போனதும், "சார், போன தடவை பொய் சொல்லிட்டேன்" என்றேன். ஊரில் ஒத்திகை பார்த்த மீதி எல்லாம் மறந்துபோயிற்று. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாள்?" "நாலு மாசம் சார்." "அசதயோபிரின் ஆரம்பிச்சிட்டீங்களா?" "பிரிக்கல." சீட்டில் அந்த வரியை ஒரே கோடாக அடித்தார். திட்டு விழும் என்று பார்த்தேன். "ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். ஓடு விஷயத்தைச் சொன்னேன். படம் போட்டுக் காட்டினார். டோக்கன் விஷயத்தையும் சொன்னேன், கம்பெனிக்குக் கொடுக்க ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அப்படி ஒன்று கேட்கலாம் என்றே மூன்று வருடமாக எனக்குத் தெரியாது.

இப்போதைக்கு மெசலமின் காலையில் நாலு, ஸ்டீராய்டை வாரா வாரம் ஐந்து மில்லிகிராம் குறைக்க வேண்டும், இரவில் எனிமா. ஆறு வாரம் கழித்து மலத்தில் கால்ப்ரொடெக்டின், அதாவது குடல் அழற்சியைக் காட்டும் பரிசோதனை, பார்த்துவிட்டு, அடங்கவில்லை என்றால் அசதயோபிரின் பற்றித் திரும்பப் பேசலாம் என்றார்.

ஜங்ஷன் அண்ணே, உங்கள் கோபம் நியாயம்தான்.

குடியாத்தம் தங்கச்சி, ஒரு சந்தேகம். எனிமா பாட்டிலைக் கொஞ்ச நேரம் கைச்சூட்டில் வைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள்?


தறிக்காரர்_மகள் | வியாழன் இரவு 8.52

மார்கழியில் பத்து நிமிடம் அண்ணா. இப்போது இந்த ஊரில் எதையும் தனியாகச் சூடு பண்ண வேண்டியதில்லை. ஜன்னல் ஓரத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.